தலை இல்லாமலும் பாடும் கிதார்

மாணவ நண்பர்களே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து ஒரு கிதாரை வரையுங்கள்.

வரைந்தாயிற்றா? இடுப்பு ஒடுங்கிய உடல். அதிலிருந்து நீண்டு செல்லும் கழுத்து. கழுத்தின் உச்சியில் துடுப்பைப் போல விரிந்த தலை. தலையின் ஓரங்களில் காதுகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்காணிகள். உங்களில் ஒருவர்கூடத் தலையை வரைய மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது அழிப்பானை எடுத்து அந்தத் தலையை அழித்துவிடுங்கள். கழுத்து மொட்டையாக நிற்கிறது. "இது என்ன கிதார்?" என்று சிரிப்பு வருகிறது, அல்லவா? 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் இப்படி ஒரு கிதார் வெளிவந்தது. கண்டவர்களுக்கு அது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் தந்தியைச் சுண்டிப் பார்த்தவர்கள் வியந்தார்கள். தலை போன பிறகும் அது நன்றாகவே பாடியது!

தலை இல்லாமல் கிதார் எப்படிப் பாடுகிறது? தலையை எடுத்ததால் வந்த லாபம் என்ன, நட்டம் என்ன? அப்படி ஒரு கருவி உங்கள் கைக்கு வந்தால் அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது எப்படி? இவற்றுக்கெல்லாம் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேஸ் கிதார் என்பது எது?

மெல்லிசைக் கச்சேரிகளில் ஒருவர் நான்கே தந்திகள் கொண்ட நீளமான கிதாரை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர் வாசிப்பது காதில் விழுவதைவிட நெஞ்சில் 'தம் தம்' என்று மோதும். அதுதான் பேஸ் கிதார். பாட்டுக்கு அடித்தளம் போடும் கருவி.

ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற 'டபுள் பேஸ்' என்ற கருவிதான் முன்பு இந்த வேலையைச் செய்தது. அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், கிதாரைப் போலத் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய மின்சார பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது பெருவெற்றி பெற்றது. அதில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்களில் இந்த அளவுதான்.

நான்கு தந்திகளின் அதிர்வெண்களைப் பாருங்கள்: தடித்த தந்தி வினாடிக்கு 41.2 முறை அதிர்கிறது, அடுத்தது 55 முறை, மூன்றாவது 73.4 முறை, மெல்லிய தந்தி 98 முறை. மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலியின் கீழ் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் என்று படித்திருப்பீர்கள். அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இல்லை நம் தடித்த தந்தி!

ஒலி பிறக்கும் இடம்

தலையை எடுத்தால் ஒலி கெடாதா? இதற்கு விடை காண ஒரு சோதனை செய்யலாம். பள்ளி ஆய்வகத்தில் சுரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஒரு நீளமான பலகை, ஓர் ஆணி, தூண்டில் போடப் பயன்படும் நைலான் நரம்பு, இரண்டு பென்சில்கள், ஒரு கல், இவை போதும்.

பலகையை மேசைமேல் வையுங்கள். ஆணியில் நரம்பின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மேசை விளிம்பின் வழியே தொங்கவிட்டு, அதில் கல்லைக் கட்டுங்கள். நரம்புக்கு அடியில் இரண்டு பென்சில்களையும் 50 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். நரம்பு இரு பென்சில்கள்மீதும் அழுந்தி நிற்க வேண்டும். நடுவில் சுண்டி ஒலியைக் கேளுங்கள். முதலில் ஆணிக்கும் பென்சிலுக்கும் இடையே 5 செ.மீ. மட்டும் விடுங்கள். பிறகு ஆணியைத் தள்ளி அடித்து 30 செ.மீ. விடுங்கள். பென்சில்களின் இடைவெளியை மட்டும் மாற்றாதீர்கள். சுருதி மாறுகிறதா? மாறாது!

பிரெஞ்சு நாட்டுத் துறவி மாரென் மெர்சென் 1636ஆம் ஆண்டிலேயே இதற்கான விதிகளை வெளியிட்டார். தந்தியின் அதிர்வெண்ணை முடிவு செய்பவை மூன்றே மூன்று: இரு தாங்கிகளுக்கு இடையே உள்ள நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. தாங்கிக்கு அப்பால் தந்தி எவ்வளவு தூரம் ஓடுகிறது, எதில் போய்ச் சுற்றிக்கொள்கிறது என்பதற்கு இந்த விதிகளில் இடமே இல்லை.

கிதாரின் தாங்கிகள் எவை? ஒரு புறம் உடலின்மேல் இருக்கும் குதிரை. மறுபுறம் கழுத்தின் உச்சியில் தந்திகள் அமரும் பள்ளம் வெட்டிய சிறு கட்டை. ஒலி பிறப்பது இவ்விரண்டுக்கும் இடையேதான். தலை இருப்பதோ கட்டைக்கு அப்பால்! ஆகவே தலை ஒலியை எழுப்புவதில்லை. முறுக்காணிகளுக்கு இருக்கை கொடுப்பது ஒன்றே அதன் வேலை. முறுக்காணிகளுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டால் தலைக்கு வேலை இல்லை.

துலாக்கோல் சொல்லும் கணக்கு

வேலை இல்லாத தலை சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அது தொல்லையும் கொடுக்கிறது. பல பேஸ் கிதார்களைத் தோளில் மாட்டி இரு கைகளையும் விட்டுப் பாருங்கள். தலை மெல்ல மெல்லத் தரையை நோக்கித் தாழும். வாசிப்பவர் இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே அதே கையால் மெட்டுகளையும் அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோளும் மணிக்கட்டும் என்ன ஆகும்?

இது நெம்புகோல் தத்துவம். எடை எவ்வளவு என்பது மட்டும் போதாது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோள்வார் மாட்டும் கொம்பு 12ஆம் மெட்டுக்கு நேரே இருக்கிறது என்றும் அதுவே ஆதாரப்புள்ளி என்றும் கொள்வோம். நான்கு முறுக்காணிகள், ஒவ்வொன்றும் 100 கிராம், ஆக 400 கிராம். தலையில் அவை ஆதாரத்திலிருந்து 53 செ.மீ. தூரத்தில் இருந்தால் அவற்றின் திருப்புத்திறன் 400 × 53 = 21,200 கிராம்-செ.மீ.

அதே முறுக்காணிகளைக் கழற்றி மறுபக்கம் குதிரைக்குப் பின்னால், 48 செ.மீ. தூரத்தில் வைப்போம். இப்போது எதிர்த்திசையில் 400 × 48 = 19,200 கிராம்-செ.மீ. மொத்த மாற்றம் 40,400! எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, இடம்தான் மாறியது. தலையை வைத்துக்கொண்டே இந்தச் சமநிலையை அடைய வேண்டுமானால், ஆதாரத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி உடலின் கடைசியில் 800 கிராமுக்கும் மேல் ஈயத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்து யார் சுமப்பது?

நாற்காலி செய்தவரின் கேள்வி

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர். அவர் தொழிலால் இசைக் கலைஞர் அல்லர். மேசை நாற்காலிகளை வடிவமைப்பவர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பலர் சேர்ந்து நடத்திய தச்சுப் பட்டறையில் அவர் வேலை செய்தார். கிதார் செய்யும் ஸ்டூவர்ட் ஸ்பெக்டரும் அதே பட்டறையில் இருந்தார். அவருக்காக 1977ஆம் ஆண்டில் ஸ்டைன்பெர்கர் ஒரு பேஸ் கிதாரின் உடலை வடிவமைத்துக் கொடுத்தார். அப்போதுதான் கருவியின் சமநிலைச் சிக்கல் அவர் கண்ணில் பட்டது.

சுவையான செய்தி ஒன்று. இவருடைய தந்தை ஜாக் ஸ்டைன்பெர்கர் ஓர் இயற்பியல் அறிஞர். மியூவான் நியூட்ரினோ என்ற துகளைக் கண்டறிந்த 1962ஆம் ஆண்டுச் சோதனைக்காக, லெடர்மன், ஸ்வார்ட்ஸ் ஆகியோருடன் 1988ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

நாற்காலி செய்பவர் எப்போதும் "இந்தக் கால் எந்தப் பாரத்தைத் தாங்குகிறது?" என்று கேட்பார். ஸ்டைன்பெர்கர் கிதாரின் தலையைப் பார்த்தும் அதையே கேட்டார். தலை நீங்கியது, முறுக்காணிகள் குதிரைக்குப் பின்னால் வந்தன. உடலும் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்று அதையும் ஒரு சிறு பெட்டி அளவுக்குக் குறைத்தார். 'எல்-2' என்று பெயரிட்ட அந்த பேஸ் கிதாரின் முழு நீளமே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் டோனி லெவின், கனடாவின் கெடி லீ போன்ற புகழ்பெற்ற கலைஞர்கள் அதை மேடையில் வாசித்தார்கள். இன்று பல நாடுகளில் பல நிறுவனங்கள் தலையில்லாத கிதார்களைச் செய்கின்றன.

ஊமையாகும் சுரம்

தலையை நீக்கியதில் இன்னொரு விளைவும் உண்டு. சாதாரண பேஸ் கிதார்கள் பலவற்றில் மெல்லிய தந்தியின் 5ஆம் மெட்டிலிருந்து 7ஆம் மெட்டு வரையுள்ள பகுதியில் ஏதாவது ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். தந்தி புதிது, விரல் சரியாகத்தான் அழுத்துகிறது. இருந்தும் ஒலி நிற்பதில்லை. கலைஞர்கள் இதைச் 'செத்த இடம்' என்பார்கள்.

ஒலியைத் திருடுவது யார்? கழுத்துதான்! ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயரப் போகும். அதுதான் ஒத்ததிர்வு. கழுத்தும் ஒரு முனையில் பொருத்தப்பட்ட மரச்சட்டம். அதற்கும் இயல்பான அதிர்வெண்கள் உண்டு. மெல்லிய தந்தியின் 5ஆம் மெட்டில் தந்தி 130.8 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கழுத்தின் அதிர்வெண்களில் ஒன்று அதற்கு அருகில் அமைந்துவிட்டால், தந்தியின் ஆற்றல் கழுத்துக்குப் போய்விடுகிறது. ஒலி அடங்குகிறது.

சட்டம் விறைப்பாக இருந்தால் அதன் அதிர்வெண் கூடும். சட்டத்தின் நுனியில் பாரம் இருந்தால் அதிர்வெண் குறையும். ஓர் இரும்பு அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து நுனியைச் சுண்டுங்கள். பிறகு நுனியில் ஒரு காசை ஒட்டிச் சுண்டுங்கள். அது நிதானமாக ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். கிதாரின் தலையே அந்தக் காசு!

ஸ்டைன்பெர்கர் காசை எடுத்துவிட்டார். அளவுகோலையும் மாற்றினார். மரத்துக்குப் பதிலாகக் கரிம இழைகளை எபாக்சிப் பிசினில் தோய்த்துச் செய்த கலப்புப் பொருளைப் பயன்படுத்தினார். அது மிகவும் விறைப்பானது. இதனால் செத்த இடங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் நினைவிருக்கட்டும்: மரக்கழுத்து வைத்த தலையில்லாத கிதார்களில் அவை முற்றிலும் ஒழிந்துவிடுவதில்லை, பெரும்பாலும் வேறு இடத்துக்கு நகர்கின்றன.

தலையுள்ள பேஸ் கிதார் ஒன்று கிடைத்தால் நீங்களே சோதிக்கலாம். மெல்லிய தந்தியில் ஒவ்வொரு மெட்டாக வாசித்து, ஒலி எத்தனை வினாடி நிற்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். பிறகு தலையில் துணி சுற்றி, தச்சர்கள் பயன்படுத்தும் சிறிய கிளாம்ப் ஒன்றை மாட்டி மறுபடியும் அளவிடுங்கள். செத்த இடம் நகர்ந்திருக்கும்.

கழுத்தில் தொங்கும் 70 கிலோ

இனி பராமரிப்புக்கு வருவோம். அதற்கு முன் ஒரு விசையைக் கண்டுபிடிக்க வேண்டும். மெர்சென் விதியைத் திருப்பி எழுதினால், இழுவிசை = 4 × நீளத்தின் வர்க்கம் × அதிர்வெண்ணின் வர்க்கம் × ஒரு மீட்டர் தந்தியின் நிறை. தடித்த தந்தி மீட்டருக்கு 32 கிராம் என்று கொண்டால், 4 × 0.864² × 41.2² × 0.032 = ஏறத்தாழ 162 நியூட்டன். அதாவது பதினாறரை கிலோ எடை. மற்றத் தந்திகளும் ஏறக்குறைய இதே அளவுதான். நான்கும் சேர்ந்து 70 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. நன்கு வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்குவதைப் போல! இந்தக் கருவியில் எந்தத் திருகைத் தொட்டாலும் முதலில் இந்த 70 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலையுள்ள கிதாரில் தந்தி ஒரு தண்டில் சில சுற்றுகள் சுற்றிக்கொள்கிறது. வீணையின் பிருடையில் சுற்றுவதைப் போலத்தான். தலையில்லாத கிதாரில் சுற்றே கிடையாது. தந்தியின் முனையில் உள்ள சிறு உலோகக் குண்டை ஒரு கவ்வி பிடித்துக்கொள்கிறது. குமிழைத் திருகினால், மரை அந்தக் கவ்வியை நேராகப் பின்னால் இழுக்கிறது.

ஒரு சுற்றுக்கு மரை 0.6 மி.மீ. நகர்கிறது என்றும், குமிழின் சுற்றளவு 50 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 50 ÷ 0.6 = 83. உராய்வே இல்லாவிட்டால், பதினாறரை கிலோவை இழுக்க விரலில் 200 கிராம் விசை போதும். ஆனால் உராய்வு இல்லாத மரை உலகில் ஏது? மரையில் ஆற்றலின் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது. வாசிப்பவரின் வியர்வை உப்பும் தூசியும் மரையில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குமிழ் இறுகிவிடும்.

அந்த நேரத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கட்டிங் பிளேயரை எடுத்துக் குமிழைப் பிடித்துத் திருகுகிறார்கள். பிளேயரின் கைப்பிடி நீளமானது; விரலின் விசையைப் பல மடங்காக்கும். நுண்ணிய மரை அதைத் தாங்காமல் தேய்ந்து வழுக்கிவிடும். அப்புறம் அந்தத் தந்தி சுருதியில் நிற்காது. முறுக்காணியையே மாற்ற வேண்டியதுதான். செய்ய வேண்டியது மிக எளிது: தந்தியைத் தளர்த்தி, குமிழைக் கழற்றி, மரையைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்து, துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலையுள்ள கிதாரில் சுருதி கூட்டும்போது தந்தி கழுத்து உச்சிக் கட்டையின் பள்ளத்தில் வழுக்க வேண்டும். தலையில்லாததில் தந்தி குதிரையின்மேல் வழுக்குகிறது. உராய்வு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்! குதிரையின் பள்ளத்தைச் சுத்தமாக வைத்து, பென்சில் கரியைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் நகரும்.

தந்தி கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

தலையை எடுத்ததற்கு ஒரு விலையும் உண்டு. சாதாரண பேஸ் தந்தியில் ஒரு முனையில்தான் குண்டு இருக்கும். ஸ்டைன்பெர்கர் கருவிக்கு இரு முனையிலும் குண்டு வைத்த தந்தி வேண்டும். இரண்டு குண்டுகளுக்கும் இடையே உள்ள நீளம் துல்லியமாக இருக்க வேண்டும். தந்தி நீளமாகிவிட்டால் கவ்வி தன் ஓட்டம் முழுவதும் பின்னால் போன பிறகும் சுருதி ஏறாது. குட்டையாகிவிட்டால் கவ்வியில் மாட்டவே முடியாது. எல்லாக் கடைகளிலும் இந்தத் தந்தி கிடைப்பதில்லை. கச்சேரிக்கு முதல் நாள் தந்தி அறுந்தால் கருவி மௌனம்தான்.

இதற்கு ஒரு மாற்றம் செய்யலாம். கழுத்தின் உச்சியில் ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி, அதில் தந்தியின் குண்டில்லாத முனையைத் திருகால் இறுக்கிவிடலாம். பிறகு கடையில் கிடைக்கும் சாதாரணத் தந்தியே போதும். இன்றைய தலையில்லாத கிதார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு கட்டளையை மறக்கக் கூடாது: முதலில் இறுக்கு, பிறகு வெட்டு! பேஸ் தந்தி ஒற்றைக் கம்பி அன்று. நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி; அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய வேறொரு கம்பி. தந்தியைத் தடிப்பாக்கும்போது வளையும் தன்மை கெடாமல் நிறையை மட்டும் கூட்டுவதற்கான உத்தி இது. இறுக்குவதற்கு முன்பே நுனியை வெட்டினால் மேற்சுற்று தளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் தந்தி மழுங்கிய ஒலிதான் தரும். வாங்கிய பணம் வீண். அறுந்த பழைய தந்தியை வெட்டும்போதும் முதலில் நன்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். பதினாறரை கிலோவில் விறைத்திருக்கும் எஃகுக் கம்பியை வெட்டினால் அது சாட்டையாகக் கண்ணைத் தேடி வரும்.

தலையை வெட்டிவிடலாமா?

"வீட்டில் பழைய பேஸ் கிதார் இருக்கிறது. தலையை அறுத்துவிட்டால் தலையில்லாத கிதார் ஆகிவிடாதா?" என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். ரம்பத்தை எடுக்கும் முன் யோசியுங்கள்.

தந்திகள் தலையில் இல்லையென்றால் வேறெங்கோ பிடிபட வேண்டும். உச்சியில் ஒரு பிடிப்பும், குதிரையின் இடத்தில் முறுக்காணிகள் சேர்ந்த புதிய அமைப்பும் வேண்டும். இரண்டும் 70 கிலோவைத் தாங்க வேண்டும். மரக்கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. தந்திகளின் இழுப்பில் கழுத்து வளையாமல் எதிர்த்து நிற்பது அதுதான். பல கருவிகளில் அந்தக் கம்பியை முறுக்கும் நட்டு தலைப்பக்கம்தான் இருக்கிறது! தலையை அறுப்பவர் அதையும் சேர்த்துக் கெடுத்துவிட வாய்ப்புண்டு. ஆகவே இது தேர்ந்த கைவினைஞரின் வேலை. தலைப்பாரம்தான் தொல்லை என்றால், எடை குறைந்த முறுக்காணிகளை மாட்டுவதே புத்திசாலித்தனம். மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? 53 செ.மீ. தூரத்தில் 150 கிராமைக் குறைத்தாலே 7,950 கிராம்-செ.மீ. குறைகிறது.

கரிம இழைக் கழுத்தையோ உடலையோ வீட்டில் துளைக்கவும் அரத்தால் தேய்க்கவும் வேண்டாம். அதன் நுண்ணிய தூள் தோலில் அரிப்பையும் மூச்சுக்குழாயில் எரிச்சலையும் உண்டாக்கும்.

மூன்று சிறு சோதனைகள்

கருவி நலமாக இருக்கிறதா என்று அறிய மூன்று சோதனைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கழுத்தின் வளைவு. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய தந்தியைவிட நேரான கோல் ஏது? நடு மெட்டுக்கும் தந்திக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு இடைவெளி இருப்பது நல்லது. இடைவெளி மிகுந்தால், உள்ளே ஓடும் எஃகுக் கம்பியின் நட்டை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். ஆகவே மழைக்காலத்திலும் கோடையிலும் இந்த அளவு மாறும். ஸ்டைன்பெர்கரின் எல்-2 கருவியில் இந்தக் கம்பியே இல்லை. அதன் கழுத்துக்கு ஈரம் ஒரு பொருட்டே அன்று. ஆனால் எஃகுத் தந்தி வெப்பத்தில் நீளும் என்பதை யார் மாற்ற முடியும்? மேடை விளக்குகளின் சூட்டில் இந்தக் கருவிக்கும் சுருதி சற்று இறங்கத்தான் செய்யும்.

இரண்டாவது, குதிரையின் இடம். 12ஆம் மெட்டு தந்தியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அந்த மெட்டுக்கு நேரே தந்தியை விரலால் மெல்லத் தொட்டபடி சுண்டி, உடனே விரலை எடுங்கள். நடுவில் கணு அமைந்து, இரு மடங்கு அதிர்வெண்ணில் தெளிந்த ஒலி எழும். பிறகு அதே மெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியும் இதற்கு உதவும். அழுத்தியபோது சுருதி கூடுதலாக இருந்தால், தந்தியைத் தளர்த்தி, குதிரையை இம்மியளவு பின்னால் தள்ளுங்கள். அழுத்தும்போது தந்தி சற்றே நீண்டு இழுவிசை கூடுகிறது. அதை ஈடு செய்யத்தான் இந்த ஏற்பாடு.

மூன்றாவது, மின்சாரம். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுவது காந்தமும் கம்பிச்சுருளும். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலேதான். பல கருவிகளில் அந்த மின்னோட்டத்தைப் பெருக்க ஒரு சிறு சுற்றும் 9 வோல்ட் பேட்டரியும் உள்ளே இருக்கும். கருவியில் தனியாக ஸ்விட்ச் இருக்காது. கேபிளைச் செருகுவதே ஸ்விட்ச்! வாசித்து முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். மாதக்கணக்கில் பெட்டியில் வைப்பதானால் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கசிந்த பேட்டரி சுற்றையே அரித்துவிடும்.

உங்களுக்கு ஒரு வேலை

நண்பர்களே, தலையில்லாத கிதார் குறையே இல்லாத கருவி அன்று. சமநிலை கிடைத்தது, தந்தி கிடைப்பது கடினமாயிற்று. சுற்றுகள் ஒழிந்தன, மரையைக் காக்கும் பொறுப்பு வந்தது. உடல் சிறுத்ததால் தொடையில் வைத்து வாசிக்க இடம் இல்லாமல் போயிற்று. அதற்காக எல்-2 கருவியில் மடக்கித் திறக்கும் ஒரு தாங்கியைச் சேர்க்க வேண்டியிருந்தது. எந்த வடிவமைப்பும் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல்தான். என்ன கொடுத்தோம், என்ன வாங்கினோம் என்று கணக்குத் தெரிந்து செய்பவரே நல்ல பொறியாளர்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஏதாவது ஓர் இசைக்கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வீணை, வயலின், ஆர்மோனியம், எதுவானாலும் சரி. அதன் உறுப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒலியை எழுப்புவது எது, விசையைத் தாங்குவது எது, அழகுக்காக மட்டும் இருப்பது எது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். எந்த உறுப்பின் எதிரே எதுவும் எழுதத் தோன்றவில்லையோ, அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாற்காலி செய்த ஒருவர் கிதாரின் தலையைப் பார்த்து நின்றதும் அப்படித்தான்.